அழிக்குமுன் ஒரு படி

போகி நாளில் பழம்பொருள்களைக் கழித்து எரிப்பது நம் வழக்கம். கிழிந்த பாயும் உளுத்த கூடையும் தீக்கு இரையாகும். ஆனால், பாயைத் தீயில் இடுமுன் அதை உதறிப் பார்க்காத இல்லத்தரசி உண்டோ? கூடையைக் கவிழ்த்துப் பார்க்காத பாட்டி உண்டோ? வீட்டுப் பத்திரம் அதன் அடியில் கிடக்கலாம். பிள்ளையின் பிறப்புச் சான்று கிடக்கலாம். எரிக்க ஒரு நொடி போதும்; எரிந்ததை மீட்க ஓர் ஆயுள் போதாது. எழுத்தறியாத பாட்டிமார்க்கும் இந்த விழிப்பு இருந்தது. பல்கலைக்கழகம்வரை வந்து பயிலும் நமக்கு அது இருக்கிறதா?

கணினியின் இயங்குதளத்தை நீக்கிவிட்டுப் புதிதாக நிறுவும் வேலையைக் கருதியே இதைக் கேட்கிறேன். விடுதி வழக்கில் அதற்கு 'ஃபார்மட் அடிப்பது' என்று பெயர். கணினி மெதுவாகிவிட்டதா? ஃபார்மட் அடி. வைரஸ் புகுந்துவிட்டதா? ஃபார்மட் அடி. பாட்டுக் கேட்கவில்லையா? அதற்கும் ஃபார்மட் அடி! எந்த நோய்க்கும் இதுவே மருந்து. மருந்தை நான் பழிக்கவில்லை. பல வேளைகளில் அது நல்ல மருந்துதான். ஆனால் உள்ளே இருப்பவற்றுக்கு வெளியே ஒரு படி எடுத்து வைக்காமல் அம்மருந்தைக் கொடுப்பது கொடுமை. 'பேக்கப்' என்று நாள்தோறும் சொல்கிறோமே, அந்தப் படியைத்தான் சொல்கிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படி எடுக்க வேண்டியது கணினிக்கு உடையவரின் பொறுப்பு என்று எல்லாரும் சொல்வர். அது பாதி உண்மை. அழிக்கப்போகும் கை எவருடையதோ, அவருக்கும் அப்பொறுப்பில் சரிபாதி உண்டு. படியைத் தன் கண்ணால் காணாமல் எவரும் பிறர் கணினியை ஃபார்மட் செய்தல் கூடாது. இதனை நம் மாணவரிடையே ஓர் ஒழுக்கமாகவே ஆக்கிக்கொள்ள வேண்டும்.

பழைய நகையை அழித்துப் புதிது செய்யக் கொடுக்கிறோம். பொற்கொல்லர் என்ன செய்கிறார்? வாங்கியவுடன் உருக்கிவிடுவதில்லை. நம் கண்ணெதிரே எடை போட்டுக் காட்டுகிறார். கல் இத்தனை, அரக்கு இத்தனை, பொன் இத்தனை என்று சொல்கிறார். "சரிதானே அம்மா?" என்று கேட்டு, நாம் தலையசைத்த பிறகே நகை நெருப்புக்குப் போகிறது. உருக்கியபின் பழைய நகை இல்லை என்பதை அவர் அறிவார். எனவே உருக்குமுன் எடை என்பது அவர் தொழிலின் அறமாகிவிட்டது. நம் விடுதி அறைகளில் நள்ளிரவில் நடக்கும் 'தொழிலுக்கு' அத்தகைய அறம் ஒன்று வேண்டாமா?

இதனை இப்பொழுது வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. 2015-இல் வெளிவந்த விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அளித்துவந்த பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்தது. விண்டோஸ் 11-க்கு மாறுவோம் என்றால், டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு ஏற்பாடும், குறிப்பிட்ட வகைச் செயலிகளும் வேண்டும் என்பது விதி. நம்மில் பலர் கையில் இருப்பவையோ பழைய பொறிகள். தமிழ்நாட்டு அரசு 2011 முதல் மாணவர்க்கு விலையின்றி வழங்கிய மடிக்கணினிகளில் தொடக்க ஆண்டுகளில் வந்தவை, அண்ணன் கையிலிருந்து தம்பிக்கும் அக்காள் கையிலிருந்து தங்கைக்கும் வந்து சேர்ந்து, இன்றும் சில வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றை விண்டோஸ் 11 ஏற்காது. ஆகவே உபுண்டு, மின்ட் போன்ற லினக்ஸ் வகைகளை நிறுவுவோர் ஒருபுறம். புதிய விண்டோசுக்கு மாறுவோர் மறுபுறம். எங்கு நோக்கினும் அழிப்பும் நிறுவலும் நடக்கும் காலம் இது. போகி நெருப்பு ஊரெங்கும் எரியும்போதுதானே பத்திரத்தைத் தேடிப் பார்க்க வேண்டும்?

அப்படி என்ன பத்திரம் நம்மிடம் இருக்கிறது என்று கேட்கலாம். எண்ணிப் பாருங்கள். வரலாறு பயிலும் தோழி ஆவணக்காப்பகத்தில் மாதக்கணக்கில் அமர்ந்து எடுத்த ஒளிப்படங்கள் அவள் கணினியில் இருக்கின்றன. மொழியியல் மாணவர் மலையூர்களில் ஏறி இறங்கிப் பதிவுசெய்த முதியோர் பேச்சு இருக்கிறது. பதிவுக்கு உதவிய அம்முதியோர் இன்று இல்லாமலும் இருக்கலாம். இயற்பியல் மாணவரின் கணக்கு முடிவுகள், எழுதிக்கொண்டிருக்கும் ஆய்வேட்டின் நான்காம் இயல், தங்கையின் திருமணப் படங்கள், மறைந்த தந்தையின் குரல்! ஊரைவிட்டு ஆயிரம் கல் தொலைவில் வாழும் நமக்கு, கைப்பெட்டி அளவான இந்தப் பொறிதான் படிப்பறையும் பெட்டகமும் குடும்ப ஆல்பமும். இயங்குதளத்தை நூறு முறை இறக்கிக்கொள்ளலாம். எந்தச் செயலியையும் மீண்டும் நிறுவலாம். உலகில் வேறெங்கும் இல்லாதவை அந்தக் கோப்புகள் மட்டுமே. கிடைப்பதற்கு எளியதை நிறுவுவதற்காகக் கிடைப்பதற்கு அரியதை எரிப்பது எந்த வகையில் அறிவுடைமை?

"அழிந்தால் என்ன? மீட்டெடுக்கும் மென்பொருள் இருக்கிறதே!" என்பார் சிலர். இந்த நம்பிக்கை ஒரு காலத்துக்குப் பொருந்தியது. சுழலும் தட்டுகள் கொண்ட பழைய ஹார்டு டிஸ்க்கில் விரைவு ஃபார்மட் செய்தால், நூலகத்தின் பட்டியல் அட்டைகள் கிழிக்கப்படுகின்றனவே அன்றி, அலமாரியிலுள்ள நூல்கள் உடனே எரிவதில்லை. அவற்றின்மேல் புதியன எழுதப்படும்வரை ஓரளவு தேடி எடுக்கலாம். ஆனால் அதன்மேல் புது இயங்குதளத்தையே நிறுவிவிட்டால், பல நூல்களின் இடத்தில் வேறு நூல்கள் வந்து அமர்ந்துவிடும். இக்கால மடிக்கணினிகளில் இருப்பதோ பெரும்பாலும் எஸ்.எஸ்.டி. அதில் 'டிரிம்' என்றொரு ஏற்பாடு உண்டு. இந்த இடங்கள் இனி வேண்டா என்று இயங்குதளம் சொன்னவுடன், அந்தக் கருவி தன் ஓய்வு நேரத்தில் அவற்றைத் துடைத்து வைத்துவிடுகிறது. பிறகு எந்த மென்பொருளும் எதையும் காண்பது அரிது. எனவே பிந்தி வரும் மீட்பை நம்புவதைக் காட்டிலும் முந்தி எடுக்கும் படியை நம்புவதே மேல்.

"என் கோப்புகள் எல்லாம் டி டிரைவில் இருக்கின்றன, சி டிரைவைத்தானே அழிக்கிறோம்?" இது நம் நாட்டில் மிகப் பரவலான ஆறுதல். ஒரே வட்டை இரண்டு மூன்று பகுதிகளாகப் பிரித்து, இயங்குதளத்துக்கு ஒன்று, நமக்கு ஒன்று என வைத்துக்கொள்கிறோம். ஒரே வீட்டில் இரண்டு அறைகள் என்பதே இதன் பொருள். அறை மாறியதால் பொருள் வேறு வீட்டுக்குப் போய்விடவில்லை. நிறுவும்போது தோன்றும் திரையில் சி, டி என்ற எழுத்துகள் இருப்பதில்லை. பகுதிகள் எண்களாகவும் அளவுகளாகவுமே நிற்கின்றன. உறக்கம் தூங்கும் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். உபுண்டு நிறுவுகையில் வட்டு முழுவதையும் அழித்து நிறுவுக என்றொரு தேர்வு வரும். அதை அழுத்தினால் சியும் போகும், டியும் போகும், ஈயும் போகும். வட்டே பழுதானாலோ, மடிக்கணினியே களவு போனாலோ, அறைகளின் எண்ணிக்கையால் யாருக்கு என்ன பயன்?

"கோப்புகளை வைத்துக்கொள்க என்று விண்டோசே கேட்கிறதே!" என்பார் வேறு சிலர். கேட்கிறது, பெரும்பாலும் சொன்னபடி நடக்கவும் செய்கிறது. பழைய விண்டோஸ் இருந்த இடத்திலேயே புதியதை நிறுவினால், முந்தையவற்றை 'விண்டோஸ் ஓல்டு' என்ற கோப்புறையில் ஒதுக்கி வைக்கிறது. ஆனால் அக்கோப்புறை சுமார் 10 நாள்களில் தானாகவே நீங்கிவிடும். மேலும், செய்தவர்களே தவறுவதும் உண்டு. 2018 அக்டோபரில் வெளிவந்த விண்டோஸ் 10 புதுப்பிப்பு, சிலருடைய ஆவணங்களையும் படங்களையும் அழித்துவிட்டது என்ற முறையீடு எழுந்தது. மைக்ரோசாஃப்ட் அதன் வெளியீட்டைச் சில நாள்களிலேயே நிறுத்தி வைத்துப் பிழையைத் திருத்திய பிறகுதான் மீண்டும் தொடர்ந்தது. அன்று வெளியே படி வைத்திருந்தவர் சலித்துக்கொண்டனர். படி இல்லாதவர் கண்ணீர் விட்டனர். வேறுபாடு அவ்வளவே.

"எல்லாம் கிளவுடில் இருக்கிறது" என்பது நம் காலத்தின் பெரிய ஆறுதல். கூகுளின் இலவச இடம் 15 ஜிபி; அதிலேயே அஞ்சலும் படங்களும் ஆவணங்களும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். மைக்ரோசாஃப்டின் இலவச இடம் 5 ஜிபி. இடம் நிரம்பிய நாளில் ஏற்றுதல் நின்றுவிடும். நின்றதை நாம் கவனிப்பதில்லை. அதைவிட முக்கியமான ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். ஒத்திசைவு வேறு, காப்புப் படி வேறு. இங்கே அழித்தால் அங்கேயும் அழிவது ஒத்திசைவு. இங்கே கெட்டுப்போன கோப்பு அங்கேயும் கெட்டுப்போய்ச் சேரும். கண்ணாடியில் தெரியும் உருவம் நமக்கு மாற்றாள் ஆகுமோ? பல்கலைக்கழகம் தந்த கணக்கோ, பட்டம் பெற்று வெளியேறிய பின் பல இடங்களில் மூடப்படுகிறது. வாடகை வீட்டில் பெட்டியை விட்டுவிட்டு ஊர் சேர்ந்தவர் நிலைதான் அப்போது.

கிளவுடு என்றால் மேகம். ஆனால் அது வானத்தில் மிதப்பதன்று. எங்கோ ஒரு கட்டடத்தில் இருக்கும் கணினிகளே அது. தென்கொரியாவின் தேஜான் நகரில் அரசின் தகவல் மையத்தில் 2025 செப்டம்பர் 26-ஆம் நாள் தீப்பிடித்தது. அரசு அலுவலர் தம் பணிக்கோப்புகளைச் சேமித்து வந்த 'ஜி டிரைவ்' என்னும் கிளவுடும் அதில் எரிந்தது. அதிலிருந்தது 858 டெராபைட். அளவு மிகப் பெரிது என்பதால் அதற்கு வெளியிடத்தில் படி எடுக்கப்படவில்லை. உலகிலேயே கணினித் துறையில் முன்னணியில் நிற்கும் ஒரு நாட்டின் அரசுக்கு நேர்ந்தது இது.

பல்கலைக்கழகத்துக்கே நேர்ந்த கதை ஒன்றும் உண்டு. ஜப்பானில் கியோத்தோ பல்கலைக்கழகத்தின் மீத்திறன் கணினியில் 2021 டிசம்பர் 14 முதல் 16 வரை ஏறத்தாழ 77 டெராபைட் அளவான ஆய்வுத் தரவு அழிந்தது. கோப்புகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 3 கோடியே 40 இலட்சம். 14 ஆய்வுக் குழுக்கள் பாதிக்கப்பட்டன. அவற்றுள் 4 குழுக்களின் தரவை மீட்கவே இயலவில்லை. அழித்தது எதிரியன்று, படி எடுப்பதற்கென்று வைத்திருந்த ஏற்பாட்டின் நிரலேதான். பழைய பதிவுக் குறிப்புகளைக் களைய வேண்டிய அந்நிரல், ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றப்பட்டதால், களையை விட்டுப் பயிரைப் பிடுங்கிவிட்டது.

இன்னொன்றும் கேளுங்கள். நிரலாளர் பலர் தம் நிரல்களைச் சேமிக்கும் கிட்லேப் என்ற நிறுவனத்தில், 2017 ஜனவரி 31-ஆம் நாள், இரவு நெடுநேரம் உழைத்த பொறியாளர் ஒருவர், ஒரு கணினியில் அழிக்க வேண்டியதை வேறொரு கணினியில் அழித்துவிட்டார். படி எடுக்க 5 வழிகள் வைத்திருந்தனர். தேடிப் பார்த்தால் ஒன்றும் நம்பத்தக்க நிலையில் இல்லை. ஏறத்தாழ 6 மணி நேரத்துக்கு முன் வேறொரு வேலைக்காக ஒருவர் கையால் எடுத்து வைத்திருந்த படிதான் அவர்களைக் காப்பாற்றியது. நிறுவனம் இதை ஒளிக்காமல் உலகறிய எழுதியது, அது பாராட்டத்தக்கது. இதிலிருந்து நாம் கொள்ள வேண்டிய பாடம் ஒன்று. எடுத்துவிட்டோம் என்ற நினைப்பு படியாகாது. திறந்து பார்த்ததே படி.

அவ்வாறாயின் நல்ல படிக்கு இலக்கணம் என்ன? ஒளிப்படக் கலைஞர் பீட்டர் கிரோ என்பவர் பரப்பிய 3-2-1 என்ற விதி எளியது. மூன்று படிகள் இருக்க வேண்டும். அவை இரண்டு வகைக் கருவிகளில் இருக்க வேண்டும். ஒன்றாவது வேறோர் இடத்தில் இருக்க வேண்டும். மாணவரின் வாழ்வில் இதனை இப்படிச் செய்யலாம். மடிக்கணினியில் இருப்பது முதலாவது. வெளி ஹார்டு டிஸ்க் ஒன்றில் இரண்டாவது. மிக முக்கியமான ஆய்வேடும் சான்றிதழ்களும் கிளவுடில் மூன்றாவது. விடுமுறையில் தமிழ்நாடு எக்ஸ்பிரசில் ஊருக்குப் போகும்போது ஒரு வட்டை எடுத்துச் சென்று அம்மாவின் பீரோவில் வைத்துவிட்டு வந்தால் இன்னும் நன்று. தில்லியில் களவு போனது ஊரில் பத்திரமாக இருக்கும்.

இந்த விதி நமக்குப் புதியதும் அன்று. உ. வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியையும் 1894-இல் புறநானூற்றையும் அச்சிட்டு வெளியிட முடிந்தது எதனால்? அவருடைய உழைப்பு முதற்காரணம். அந்த உழைப்புக்குக் கைப்பிடி கிடைத்தது எதனால்? ஏடுகளைப் படி எடுத்து வெவ்வேறு ஊர்களில் வெவ்வேறு வீடுகளிலும் மடங்களிலும் முன்னோர் வைத்திருந்தனர். ஓரிடத்தில் செல்லரித்தது வேறோரிடத்தில் பிழைத்திருந்தது. ஒன்றில் விடுபட்ட வரி மற்றொன்றில் கிடைத்தது. ஒரே ஒரு படியாக இருந்தவற்றின் கதியும் நமக்குத் தெரியும். 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது, ஏறத்தாழ 97,000 நூல்களோடு வேறெங்கும் படியில்லாத ஏடுகளும் சாம்பலாயின. அச்சிட்ட நூல்களைத் தேடி மீண்டும் வாங்க முடிந்தது. ஒற்றைப் படியாக இருந்தவற்றை எங்கே வாங்குவது?

இனி, படி எடுக்கையில் எல்லாரும் மறப்பவற்றைச் சொல்கிறேன். 'டாக்குமென்ட்ஸ்' கோப்புறையை எடுத்தவுடன் வேலை முடிந்தது என்று எண்ணிவிடுகிறோம். திரை முகப்பிலேயே சிதறிக் கிடப்பவை, 'டவுன்லோட்ஸ்' கோப்புறையில் ஒரு பருவம் முழுதும் சேர்ந்தவை, உலாவியின் புத்தகக் குறிகள், சேமித்த கடவுச்சொற்கள், மேற்கோள் குறிப்புகளைத் தொகுக்கும் சொட்டேரோ போன்ற செயலிகளின் நூலகம், கண்ணுக்குத் தெரியாமல் மறைந்திருக்கும் 'ஆப் டேட்டா' கோப்புறை ஆகிய எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். வட்டு பூட்டப்பட்டிருந்தால், பிட்லாக்கர் கேட்கும் 48 இலக்க மீட்பு எண்ணைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுதல் வேண்டும். எண்ணில்லாமல் பூட்டிய பெட்டி, பொன்னே இருந்தாலும் கல்தான்.

தமிழ் மாணவர்க்கே உரிய ஒன்றும் உண்டு. யூனிகோடு பரவுவதற்குமுன் நாம் பாமினி, டிஸ்கி, டாப், டாம் என்று பலவகை எழுத்துருக்களில் தட்டச்சு செய்தோம். தமிழ்நாட்டு அரசு டாம், டாப் குறிமுறைகளை 1999-இல் ஏற்றது. யூனிகோடை 2010-இல் ஏற்றது. அந்த இடைக்காலத்து மலர்களும் கட்டுரைகளும் கவிதைகளும் அவ்வவ் எழுத்துருவில்தான் உறங்குகின்றன. எழுத்துருக்கள் இருப்பதோ இயங்குதளத்தின் கோப்புறையில். கட்டுரையை மட்டும் படி எடுத்துக்கொண்டு இயங்குதளத்தை அழித்தால், கோப்பு இருக்கும், தமிழ் இருக்காது! திறந்தால் புரியாத ஆங்கில எழுத்துகளும் குறிகளுமே வரிசையாக நிற்கும். ஆகவே எழுத்துருவையும் உடன் எடுத்து வைத்தல் வேண்டும். யூனிகோடுக்கு மாற்றிய ஒரு படியையும் பி.டி.எஃப். வடிவில் ஒரு படியையும் சேர்த்து வைத்தல் அதனினும் நன்று.

படி எடுக்கும் கருவியிலும் கவனம் வேண்டும். 'ஃபேட் 32' முறையில் அமைந்த பென் டிரைவ் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே கோப்பை ஏற்காது; பெரிய காணொளி ஒன்று பாதியில் நின்றுவிடும். மலிவு விலைக்கு மாய அளவு சொல்லும் பென் டிரைவுகளும் சந்தையில் உலவுகின்றன. அவை வாங்கிக்கொண்டதுபோல் காட்டிவிட்டு, உள்ளே ஒன்றும் வைத்திருப்பதில்லை. எனவே நேரு பிளேசில் வாங்கினாலும், நம்மூர்க் கடைத்தெருவில் வாங்கினாலும், படி எடுத்த கருவியைக் கழற்றி வேறொரு கணினியில் செருகிப் பார்க்க வேண்டும். ஐந்தாறு கோப்புகளையேனும் திறந்து பார்க்க வேண்டும். ஆய்வேட்டின் கடைசிப் பக்கத்தையும் ஒலிப்பதிவின் கடைசி நிமிடத்தையும் பார்க்க வேண்டும். இதுவே எடை போடுதல்.

இப்போது உதவி செய்வோரிடம் வருகிறேன். ஒவ்வொரு விடுதியிலும் ஒருவர் இருக்கிறார். யார் அழைத்தாலும் பென் டிரைவோடு வருவார். காசு கேட்க மாட்டார். ஒரு கோப்பைத் தேநீர் போதும். அவருடைய நல்ல மனத்தை நான் மதிக்கிறேன். ஆனால் "எல்லாம் எடுத்துட்டியா?" என்று ஒரு கேள்வி கேட்டு, "ஆமா அண்ணா" என்ற ஒரு பதிலை வாங்கிக்கொண்டு பொத்தானை அழுத்திவிடுகிறார். அந்த 'ஆமா'வைச் சொல்பவர் முதலாண்டு மாணவர். எதை எடுக்க வேண்டும் என்பதே அவருக்குத் தெரியாது. அண்ணனைக் காக்க வைக்கிறோமே என்ற கூச்சம் வேறு. மறுநாள் தேர்வு என்ற பதற்றம் வேறு. அறியாதவரின் 'ஆமா'வை அறிந்தவர் நம்பலாமா? மறுநாள் காலையில் படங்கள் காணாமல் போனால், "நான் கேட்டேனே!" என்று சொல்வது நீதிமன்றத்தில் செல்லும், நட்பில் செல்லாது.

"இலவசமாக உதவ வருபவர்மேல் இத்தனை சுமையா?" என்று நீங்கள் கேட்கலாம். சுமை பெரிதன்று. மூன்றே செயல். படி எங்கே என்று கேட்பது ஒன்று. அதனை வேறு கணினியில் உடையவரே திறந்து காட்டச் சொல்வது ஒன்று. காட்டாவிட்டால் கையை எடுத்துவிடுவது ஒன்று. திறக்க வேண்டியவர் உடையவர்தான். உதவுவோர் பிறர் கோப்புகளைத் துருவிப் பார்ப்பதும், தம்மிடம் ஒரு படி வைத்துக்கொள்வதும் முறையன்று. கூடுதலாக அரைமணி நேரம் ஆகும். பெரிய வட்டாயின் ஓரிரவு ஆகும். ஆகட்டுமே! மெதுவாக ஓடும் கணினி இன்னும் ஒருநாள் மெதுவாக ஓடினால் குடிமுழுகிப் போகாது. அடியோடு ஓடாத கணினியாயினும் வழி உண்டு. பென் டிரைவிலிருந்தே இயங்கும் லினக்சைக் கொண்டு அதனை எழுப்பி, நிறுவாமலே உள்ளிருக்கும் கோப்புகளை வெளியே எடுக்கலாம். நிறுவத் தெரிந்தவர்க்கு இதுவும் தெரிந்திருத்தல் வேண்டும். அழிக்கத் தெரிவது திறமையில் பாதியே; காக்கத் தெரிந்தால்தான் அது முழுமை.

காசில்லை என்பாரும் உளர். அவர்கள் சொல்வது பொய்யன்று. உதவித்தொகை வந்து சேராத மாதங்களில் வெளி ஹார்டு டிஸ்க் வாங்குவது எளிதன்று. இங்கேதான் சங்கம் என்ற ஒன்றின் கடமை தொடங்குகிறது. பொங்கலுக்குக் கூடி உண்கிறோம், பட்டிமன்றம் நடத்துகிறோம், மலர் வெளியிடுகிறோம். நன்று. அதோடு இதனையும் செய்வோம். சங்கத்தின் பேரில் இரண்டு வெளி ஹார்டு டிஸ்க்குகள் வாங்கி, இயங்குதளம் மாற்றும் உறுப்பினர்க்கு ஒரு வாரம் இரவல் தருவோம். வேலை முடிந்ததும், அவர் தம் கோப்புகளைத் தம் கணினியில் சரிபார்த்த பின், தாமே அதிலிருந்து அழித்துத் திருப்பித் தரட்டும். உலக பேக்கப் நாள் என்று மார்ச் 31-ஐ 2011 முதல் கொண்டாடி வருகிறார்கள். நமக்கு ஆண்டில் ஒருநாள் போதாது. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமையைப் படி நாளாக வைத்துக்கொள்வோம். அறிந்தவர் வரட்டும், அறியாதவர் தம் கணினியோடு வரட்டும், தேநீர் சங்கத்தின் செலவு.

சங்கம் தன் வீட்டையும் பார்த்துக்கொள்ள வேண்டும். மாணவர் சங்கங்களின் பொறுப்பாளர் ஆண்டுதோறும் மாறுகின்றனர். சென்ற ஆண்டுச் செயலாளரின் மடிக்கணினியில் சங்கத்தின் கணக்கு. அதற்கு முந்தைய ஆசிரியரின் கணினியில் பழைய மலர். யாரோ ஒருவரின் தொலைபேசியில் வந்து பேசிய அறிஞரின் சொற்பொழிவு. பட்டம் பெற்று அவர்கள் போய்விடுகின்றனர். அவர்கள் ஃபார்மட் அடிக்கும் நாளில் சங்கத்தின் வரலாற்றில் ஓராண்டு இல்லாமற் போகிறது. தில்லியில் தமிழ் மாணவர் எப்படி வாழ்ந்தனர், எதை விவாதித்தனர் என்று நாளை ஒருவர் ஆராய வந்தால், எதைக் காட்டுவோம்? பொறுப்பு மாறும் நாளில் சாவியோடும் வங்கிப் புத்தகத்தோடும் ஒரு வட்டையும் கைமாற்றுதல் வேண்டும். அதனைப் புதியவர் திறந்து பார்த்துக் கையொப்பமிடுதல் வேண்டும். ஒரு படி பல்கலைக்கழக நூலகத்துக்கும் போக வேண்டும்.

அன்பர்களே! கணினிகள் மாறும், இயங்குதளங்கள் மாறும், இன்று புதியது நாளை பழையதாகும். மாற்றத்தை அஞ்ச வேண்டியதில்லை. பழைய நகையை அழித்துப் புதுநகை செய்வதுபோல, வேண்டும்போதெல்லாம் அழித்து நிறுவுவோம். ஆனால் அடுத்த முறை ஒரு தம்பியோ தங்கையோ, "அண்ணா, கொஞ்சம் ஃபார்மட் பண்ணித் தாங்க" என்று வந்து நிற்கும்போது, கைப்பையிலிருந்து நிறுவும் பென் டிரைவை எடுக்காதீர்கள். முதலில், "படியைத் திறந்து காட்டு" என்று சொல்லுங்கள். காட்ட இயலாவிட்டால் சினம் கொள்ளாமல் பக்கத்தில் உட்கார்ந்து எடுத்துக் கொடுங்கள். அந்த ஓரிரவு உழைப்பில் ஓர் ஆய்வேடு பிழைக்கும். ஒரு தந்தையின் குரல் பிழைக்கும்.